மீன் தின்றதும் குளம் தின்றதும்

முதல் வருடம் மீன் பிடித்து முடிந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டுக் குளத்தைக் காயப் போட்டிருந்தோம். மாமா மண்வெட்டியோடு இறங்கி, கிழக்கு மூலையில் ஒரு வெட்டு வெட்டினார். மேலே வெளுத்த வண்டல். அதற்குக் கீழே நாலு விரல் கனத்துக்கு மை போலக் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பத்து மாதமும் காலையும் மாலையும் நான் நின்று தீவனம் வீசிய இடம் அதுதான். “இதெல்லாம் மீனுக்குப் போட்டதா, குளத்துக்குப் போட்டதா அம்மா?” என்று கேட்டார். கடிந்து கேட்கவில்லை. ஐம்பது வருடம் நெல் விளைவித்தவருக்கு, போட்ட பொருள் வீணாகக் கிடப்பதைப் பார்த்து வந்த வருத்தம் அது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் நிலம் மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. ஐம்பது சென்டில் வெட்டிய குளம். சராசரியாக ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர ஆடி பிறந்துவிடும். ஜனவரிக் கடைசியில் அணையை மூடிய பிறகு போர்த் தண்ணீர்தான். ஆடியில் குஞ்சு விட்டு வைகாசியில் பிடித்துவிடுவது எங்கள் வழக்கம். கட்லா 300, ரோகு 300, மிர்கால் 200, புல் கெண்டை 100, சாதாக் கெண்டை 100 என்று ஆயிரம் குஞ்சுகள்.

முதல் வருடம் எல்லாரும் சொல்கிறபடியே கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிக்குச் சரி போட்டேன். புண்ணாக்கு 850 கிலோ, கிலோ 42 ரூபாய். தவிடு 850 கிலோ, கிலோ 18 ரூபாய். மொத்தம் 51,000 ரூபாய். கிடைத்த மீன் 560 கிலோ. வியாபாரி கரையிலேயே கிலோ 110 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஒரு கிலோ மீன் விளையத் தீவனத்துக்கு மட்டும் 91 ரூபாய் போயிருக்கிறது! குஞ்சு விலை, வலை இழுத்தவர்கள் கூலி, சுண்ணாம்பு எல்லாம் கழித்தபோது பத்து மாத உழைப்புக்குக் கையில் நின்றது ஒன்றுமில்லை.

அன்றோடு ஒரு பழக்கத்தை விட்டேன். மலிவுத் தீவனம் என்று யார் எதைச் சொன்னாலும், கிலோ என்ன விலை என்று கேட்பதில்லை. அதைப் போட்டால் ஒரு கிலோ மீன் விளைய எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறேன். கிலோ ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் மீனின் வயிற்றுக்குள் போகாமல் சேற்றில் கிடந்தால், அதைவிட விலை உயர்ந்த தீவனம் வேறு இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இரண்டாம் வருடம் புதுத் தீவனம் எதையும் தேடவில்லை. இருக்கும் தீவனம் எங்கே போகிறது என்று பார்ப்பதே முதல் வேலை என்று முடிவு செய்தேன். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குளங்களில் தீவனத்தை வீசுவதில்லை. அடியில் துளையிட்ட சாக்குகளில் நிரப்பித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். மீன் வந்து துளையில் வாய் வைத்து இழுத்துத் தின்கிறது. அதையே செய்தேன். காலி உரச் சாக்குகளை நான்கு தண்ணீர் மாற்றி அலசிக் காயவைத்து, அடிப்பக்கத்தில் இரண்டு வரிசை துளை போட்டு, ஐந்து மூங்கில் கழிகளை நட்டு அவற்றில் கட்டினேன். துளையின் அளவுதான் சூட்சுமம். பெரிதாகப் போட்டால் தவிடு தானாகக் கரைந்து போய்விடும். சுண்டு விரல் நுழையாத அளவு இருக்க வேண்டும். மீன் வளர வளரக் கொஞ்சம் அகலப்படுத்தலாம்.

புண்ணாக்கை முந்தைய இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து நிரப்புகிறேன். முதல் நாள் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது மூன்று சாக்குகள் காலி. இரண்டில் பாதி அப்படியே இருந்தது. அந்த இரண்டும் கிழக்கு மூலையில் இருந்தவை! அங்கே மீன் அவ்வளவாக வருவதே இல்லை. நான் ஒரு வருடம் முழுவதும் அங்கேதான் வீசிக்கொண்டிருந்தேன்.

கூடவே மாதம் ஒரு முறை எடை போடத் தொடங்கினோம். வீச்சுவலையில் முப்பது மீனாவது பிடித்து, தராசில் வைத்துச் சராசரி எடுத்து, குளத்தில் இருக்கும் மொத்த எடையைக் கணக்கிட வேண்டும். மீன் 200 கிராம் வந்திருக்கிறது, 900 மீன் பிழைத்திருக்கிறது என்றால் மொத்தம் 180 கிலோ. நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் நாளுக்குத் தீவனம் 5 கிலோ 400 கிராம். குஞ்சாக இருக்கும்போது நூற்றுக்கு ஐந்து, வளர வளர மூன்று, கடைசி மாதங்களில் இரண்டு அல்லது அதற்கும் கீழே. முதல் வருடம் நான் போட்டது இந்தக் கணக்கெல்லாம் இல்லை, அன்னக்கூடை அளவு. விடியற்காலையில் போடுவதையும் நிறுத்தினேன். அந்த நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். மீனுக்குப் பசியே இருக்காது. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு ஒரு வேளை, மாலை மூன்றரைக்கு ஒரு வேளை. இவ்வளவுதான் மாற்றம். எதையும் புதிதாக வாங்காமலே அந்த வருடம் தீவனச் செலவில் கால் பங்கு குறைந்தது.

அடுத்து தண்ணீர். கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும். ரோகு நடுத் தண்ணீரில் மேயும். மிர்கால் அடியில் மக்கிய பொருளைத் தேடும். மூன்றுக்கும் வேண்டியதைக் குளமே விளைவித்துத் தர முடியும். அதற்குச் சாணமும் வெயிலும் போதும். எங்கள் வீட்டில் நான்கு மாடுகள். குஞ்சு விடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் 600 கிலோ பச்சைச் சாணம், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை 100 கிலோ. கட்டியாகக் கொட்டக் கூடாது. தண்ணீரில் கரைத்துக் கரையைச் சுற்றித் தெளிக்க வேண்டும்.

போதுமா, போதாதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. வெயில் நன்றாக இருக்கும்போது முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறேன். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் தண்ணீரில் சத்து இல்லை, சாணம் வேண்டும். முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான பதம். மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே கை மறைந்துவிட்டால் ஆபத்து. சாணத்தை உடனே நிறுத்த வேண்டும். மழையில் கலங்கிய செம்மண் தண்ணீரிலும் கை தெரியாது. அது சத்து அல்ல. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம்தான் நமக்கு வேண்டியது.

இதை அறிந்திருந்தும் இரண்டாம் வருடம் ஐப்பசியில் தவறு செய்தேன். தீபாவளிக்கு முந்திய வாரம் ஐந்து நாளாக வானம் மூடிக் கிடந்தது. நாட்காட்டியில் சாணம் போட வேண்டிய தேதி வந்துவிட்டது, போட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அத்தை வந்து எழுப்பினார். “குளத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, வந்து பார்” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டம் முழுவதும் வாய்கள். கட்லாக்கள் முதலில், பிறகு ரோகு, எல்லாம் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. வெயில் இல்லாமல் பாசி ஆக்சிஜன் தயாரிக்கவில்லை. இருந்த கொஞ்சத்தையும் நான் போட்ட சாணம் அழுகுவதற்கு எடுத்துக்கொண்டது. போர் மோட்டாரைப் போட்டோம். நிலத்தடி நீரிலும் ஆக்சிஜன் குறைவு என்பதால் நேரே விட்டால் பயனில்லை. ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டி, தண்ணீர் அதில் அடித்துச் சிதறி விழும்படி செய்தோம். பக்கத்து வயல்காரர் தன் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து குளத்துத் தண்ணீரையே இறைத்துக் குளத்திலேயே பீய்ச்சினார். எட்டு மணிக்கு லேசாக வெளிச்சம் வந்த பிறகுதான் மீன்கள் கீழே இறங்கின. 43 மீன்கள் செத்தன, அதில் 31 கட்லா. அரைக் கிலோவைத் தாண்டாத மீன்கள். அவற்றைக் குழி வெட்டிப் புதைத்தபோது அழுதேன்.

சூரியன் முகம் தெரியாத நாளில் சாணம் போடுவதே இல்லை இப்போது. இரண்டு நாள் தொடர்ந்து மூடியிருந்தால் தீவனத்தையும் பாதியாக்கிவிடுகிறேன். மலிவு என்பதற்காகச் சாணத்தை அள்ளிக் கொட்டும் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இனி அசோலா. தண்ணீரில் மிதந்து படரும் சின்னப் பெரணி இது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் ஏமாந்து போகிறவர்கள் அதிகம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டம் மாட்டுத் தீவனமாக இதைப் பரப்பிய காலத்திலிருந்து டெல்டாவில் பல வீடுகளில் அசோலாத் தொட்டி உண்டு. அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால்தான் அவ்வளவு புரதம். “அசோலாவில் நூற்றுக்கு 25 பங்கு புரதம், புண்ணாக்கில் 40 பங்கு, அப்படியானால் ஒன்றரைக் கிலோ அசோலா ஒரு கிலோ புண்ணாக்குக்குச் சமம்” என்று நானும் கணக்குப் போட்டேன். அது தப்புக் கணக்கு. அந்த 25 பங்கு காய்ந்த அசோலாவுக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான்.

சரியாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராம் புரதம். அதே புரதத்துக்கு 1.6 கிலோ காய்ந்த அசோலா வேண்டும். அதற்குப் பச்சையாக ஏறத்தாழ 27 கிலோ அள்ள வேண்டும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தொட்டி ஒன்றில் நாளுக்கு அரைக் கிலோ, நன்றாக வந்தால் 600 கிராம் கிடைக்கும். அதாவது நாளுக்கு ஒரு கிலோ புண்ணாக்கை மிச்சப்படுத்த 45 தொட்டிகள்! என்னிடம் இருப்பது ஆறு. அவை வருடம் முழுவதும் தரும் புரதம் 45 கிலோ புண்ணாக்குக்குச் சமம். காசில் சொன்னால் 2,000 ரூபாய் சுமார்.

அதனால் அசோலா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கே பயன்படும் என்று அறிந்து பயன்படுத்த வேண்டும் என்கிறேன். சில்பாலின் என்ற பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, சலித்த மண் பதினைந்து கிலோ, இரண்டு கிலோ சாணக் கரைசல், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், பத்து சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு கிலோ விதை அசோலா. பாதி நிழல் வேண்டும். ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் பாஸ்பேட்டும் கொடுக்காவிட்டால் சிவந்து சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டும் என் தொட்டிகளில் பாதி கருகின. தொட்டியைவிட எனக்கு அதிகம் தந்தது சம்பா நடவு வயல். நட்ட பத்தாம் நாள் வயலில் தூவிவிட்டால் பயிருக்கும் உரம், நமக்கும் வாரக்கணக்கில் அள்ளிக்கொள்ளலாம். புல் கெண்டை அதை ஆசையாகத் தின்னும். ரோகுக் குஞ்சுகளுக்கு நிழலில் உலர்த்திப் பொடித்துத் தவிட்டோடு கலந்து கொடுக்கிறேன். குளத்திலேயே அசோலாவைப் பரவ விடாதீர்கள். மேற்பரப்பை மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் போகாது. ஐப்பசி இரவின் கதை மறுபடி நடக்கும்.

புல் கெண்டைக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. கரையின் வெளிச் சரிவில் பத்து சென்ட் அளவுக்கு கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணை நட்டேன். குளத்து அடிச்சேற்றை இறைக்கும்போது அதுவே அதற்கு உரம். நூறு புல் கெண்டைகள் எண்ணூறு கிராம் எடைக்கு வந்தபோது நாளுக்கு முப்பது கிலோ புல் தின்றன. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விடிந்ததும் அறுத்து, இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, மூங்கிலால் செய்த சதுரச் சட்டத்துக்குள் மிதக்கவிடுகிறேன். சட்டம் இல்லாவிட்டால் காற்றில் அடித்துப் போய்க் கரையோரம் ஒதுங்கி அழுகும். மறுநாள் மிஞ்சிய தண்டுகளை எடுத்துவிட வேண்டும்; இந்த வேலையில் சோம்பல் கூடாது. இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றதில் பாதி சரியாகச் செரிக்காமல் வெளியே வருகிறது. அது தண்ணீருக்கு உரம், மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் இரை. முதல் வருடம் இந்த நூறு மீன்களும் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் போட்டியிட்டன. புல் கிடைத்த பிறகு சாக்குப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. என் குளத்தில் மிக அதிகமாகக் காசை மிச்சப்படுத்தியது எது என்று கேட்டால், சாக்குக்கு அடுத்தபடி இந்தப் புல்லைத்தான் சொல்வேன்.

மூன்றாம் வருடம் மீன் தீவனத்துக்காகப் புழு வளர்ப்பில் இறங்கினேன். பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிறார்கள். கருப்பு சிப்பாய் ஈ. குளவி போல நீளமான கருப்பு ஈ. வீட்டு ஈயைப் போல உணவின் மேல் வந்து மொய்ப்பதில்லை. அதன் புழு காய்ந்த நிலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம், கொழுப்பும் ஏராளம். அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. “வீட்டு வாசலில் புழுவா?” என்று கேட்டார். கொல்லைக் கடைசியில், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

எங்கள் பக்கம் இந்த ஈ இயற்கையாகவே இருக்கிறது. புளித்த பழத்தோலும் நனைந்த தவிடும் ஒரு வாளியில் போட்டு, மேலே அட்டைப்பெட்டியின் நெளிந்த அட்டைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். பன்னிரண்டாம் நாள் அட்டை இடுக்குகளில் வெளிர்மஞ்சள் முட்டைக் கொத்துகள். உழவர் சந்தையில் மிஞ்சும் காய்கறிக் கழிவு, ஒரு சாப்பாட்டுக் கடையின் மிச்சம் இரண்டையும் கொண்டுவந்து போடுகிறோம். இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனால் புழு கொழுத்துவிடும். பத்து கிலோ கழிவுக்கு ஒன்றரைக் கிலோ ஈரப் புழு எனக்குக் கிடைக்கிறது. கூட்டுப்புழுவாக மாறும் வயதில் அது உலர்ந்த இடம் தேடித் தானாக ஏறிவரும். தொட்டியில் ஒரு பக்கம் சரிவுப் பலகை வைத்து, நுனியில் வாளியைக் கட்டிவிட்டால் அறுவடைக்கு ஆளே வேண்டாம். எறும்பு வந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கழிவில் தண்ணீர் தேங்கினால் நாற்றம் வரும், புழுவும் ஓடிவிடும். அப்போது தவிடோ மரத்தூளோ சேர்த்து ஈரத்தை இழுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ஈ முட்டையிடுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதத்துக்கு இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இந்த இடத்தில் மலிவு என்ற பெயரில் வந்த மூன்று ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது இலுப்பைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டும் ஒருவர் கடலைப் புண்ணாக்கில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருவதாகச் சொன்னார். வாங்கலாமா என்று யோசித்தபோது மாமாதான் பதறித் தடுத்தார். இலுப்பைப் புண்ணாக்கில் இருக்கும் சப்போனின் மீனுக்கு நஞ்சு. குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்திலுள்ள விரால், கெளுத்தி போன்றவற்றை ஒழிப்பதற்குத்தான் அதைப் போடுவார்கள். ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும் ஐம்பது சென்டுக்கு 500 கிலோ. நஞ்சு இறங்க மூன்று வாரம் விட வேண்டும், பிறகு அதுவே உரமாகும். எல்லாப் புண்ணாக்கும் தீவனம் அல்ல.

இரண்டாவதில் நான் மாட்டிக்கொண்டேன். கார்த்திகை மழையில் நனைந்த கடலைப் புண்ணாக்கு மூட்டைகளை ஒரு வியாபாரி பாதி விலைக்குக் கொடுத்தார். உடைத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பூஞ்சணம் சாகும்; அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் நஞ்சு வெயிலில் முழுதாகப் போகாது. மீன் எதுவும் சாகவில்லை. மூன்று வாரம் கழித்து எடை போட்டபோது ஒரு கிராம்கூட ஏறாமல் நின்றிருந்தது. சாக்குகள் நிறைய மிஞ்சின. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது ஈரல் வெளுத்துக் கிடந்தது. மீதி இருந்த நான்கு மூட்டைகளைக் குழியில் போட்டு மூடினோம். மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடவில்லை. பாலிலும் அந்த நஞ்சு இறங்கும். இப்போது புண்ணாக்கை மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை. தவிடு பதினைந்து நாள்தான். எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரமே காறிப்போகும்.

மூன்றாவது கோழிக்கடைக் கழிவு. இலவசமாகவே கிடைக்கும், போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை ரகசியமாக வளர்ப்பவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். தண்ணீர் நாறும், நோய் வரும், ஊர்க் கிணறு கெடும். என் மீனை என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அந்தக் குளத்தில் அது விழாது.

எதை எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒரு சின்னச் சதுரக் கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் அதை நோட்டில் போட்டுக் கொடுக்கிறாள். புண்ணாக்கில் புரதம் 40, தவிட்டில் 12, நமக்குக் கலவையில் வேண்டியது 24 என்று வையுங்கள். வேண்டியதிலிருந்து தவிட்டைக் கழித்தால் 12. அது புண்ணாக்கின் பங்கு. புண்ணாக்கிலிருந்து வேண்டியதைக் கழித்தால் 16. அது தவிட்டின் பங்கு. ஆக 12-க்கு 16. நூறு கிலோவில் புண்ணாக்கு 43, தவிடு 57. தண்ணீரில் நுண்ணுயிரிகள் நன்றாக இருக்கும் மாதங்களில் 20 போதும். அப்போது புண்ணாக்கு 29 கிலோவாக இறங்கிவிடும். கையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் வேலைக்கும் புண்ணாக்குச் செலவுக்கும் உள்ள உறவு இதுதான். குஞ்சுகளுக்கு மட்டும் முதல் இரண்டு மாதம் 30-க்குக் குறைப்பதில்லை. தருமபுரியில் இருக்கும் என் நாத்தனார் வழியாகப் பட்டு நூற்பாலைகளில் மிஞ்சும் உலர்ந்த கூட்டுப்புழு வருடத்துக்கு இரண்டு மூட்டை வரும். புரதம் ஐம்பதுக்கு மேல். அதை அந்தக் குஞ்சுப் பருவத்துக்கே வைத்துக்கொள்கிறேன். பெரிய மீனுக்குத் தொடர்ந்து போட்டால் கறியில் வாடை வரும்.

சந்தையில் விற்கும் மிதவைத் தீவனம் நல்லதில்லையா என்று கேட்கலாம். நல்லதுதான். நெருக்கமாகக் குஞ்சு விட்டு, காற்றூட்டும் இயந்திரம் வைத்துத் திலேப்பியா மீன் வளர்ப்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஐம்பது சென்டில் ஆயிரம் கெண்டை வளர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த விலை கட்டாது.

மூன்றாம் வருடக் கணக்கு: புண்ணாக்கு 300 கிலோ, விலை ஏறி 48 ரூபாய், 14,400. தவிடு 500 கிலோ, 20 ரூபாய் வீதம் 10,000. சில்பாலின், பாஸ்பேட், தாது உப்பு, நேப்பியர் கரணை, கூட்டுப்புழு எல்லாம் சேர்த்து 4,200. மொத்தம் 28,600. மீன் 640 கிலோ. ஒரு கிலோவுக்குத் தீவனச் செலவு 45 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதில் எங்கள் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை. புல் அறுப்பது, சாக்கு தூக்கிப் பார்ப்பது, புழுத் தொட்டியைக் கிளறுவது என்று நாளுக்கு இரண்டு மணி நேரம் போகிறது. வெளியாள் வைத்துச் செய்பவர்கள் அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாடு இல்லாதவர்கள் சாணத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த வருடம் குளத்துக்குள்ளேயே இரண்டு வலைக்கூண்டுகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஐம்பது ரோகு விட்டிருக்கிறேன். ஒன்றுக்கு வழக்கமான கலவை. மற்றதற்குப் புண்ணாக்கில் பாதியை எடுத்துவிட்டு, உலர்த்திப் பொடித்த புழு. விட்டபோது இரண்டிலும் சராசரி 60 கிராம். சென்ற ஞாயிற்றுக்கிழமை, எழுபதாம் நாள், எடை போட்டோம். வழக்கமான கலவையில் 171 கிராம். புழுக் கலவையில் 166. மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மாமா இரண்டு கூண்டிலிருந்தும் ஒவ்வொரு மீனைக் கையில் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்றார்.